வயிற்றுக்கு அவகாசம் வேண்டும்

அன்புள்ள ஐயா,

ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் வேலை பார்க்கிறேன். நாலு வெள்ளாடும் ஒரு கறவை மாடும் உண்டு. துருவ மான் பற்றி ஒரு படம் பார்த்தேன். கோடையில் புல், இலை தின்கிறது; குளிர்காலத்தில் பனியைத் தோண்டி, பாசி மாதிரி படரும் லைக்கனைத் தின்கிறது. அதே மாதிரிப் பாசி எங்கள் சில்வர் ஓக் மரங்களில் அப்பிக் கிடக்கிறது. தீவனம் இல்லாத நாட்களில் ஆடுகளுக்குக் கொடுக்கலாமா? குளிர்காலத்தில் அந்த மானின் கண் நீலமாகிவிடும் என்பது நிஜமா? அதற்கு இருக்கும் வயிற்றுத் திறமை நம் ஆடுமாடுகளுக்கு ஏன் இல்லை? மிச்சச் சோறு போட்டாலே உப்பிக்கொள்கின்றன.

– ம., ஏற்காடு

அன்புள்ள ம.,

கண் விஷயம் நிஜம்தான். விழித்திரைக்குப் பின்னால் இருக்கும் படலம் கோடையில் பொன் நிறத்திலும் குளிர்கால இருட்டில் நீலத்திலும் மின்னும். அதை இன்னொரு நாள் பேசலாம்.

பாசியைக் கொடுக்காதீர்கள். பல லைக்கன்களில் உஸ்னிக் அமிலம் போன்ற நச்சுப் பொருட்கள் உண்டு. துருவ மானின் வயிற்று நுண்ணுயிர்கள் அந்த அமிலத்தைச் சிதைத்துவிடுகின்றன. 2004இல் அமெரிக்காவின் வயோமிங்கில் லைக்கன் தின்ற எல்க் மான்கள் நூற்றுக்கணக்கில் எழுந்து நிற்க முடியாமல் செத்தன. அவையும் மான்கள்தான்.

உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். அதை எழுதும்போது கை கூசவில்லையா? மாட்டைக் குறை சொல்கிறீர்கள். சோற்றைப் போட்டது யார்?

அசைபோடும் விலங்கு நேரடியாகப் புல்லைச் செரிப்பதில்லை. முதல் வயிற்றில் ஒரு ஊரே குடியிருக்கிறது: பாக்டீரியா, ஒற்றைச்செல் உயிர்கள், பூஞ்சைகள். தீனியை அவைதான் நொதிக்க வைக்கின்றன. தீனி மாறினால் அந்தக் கூட்டமும் மாற வேண்டும். துருவ மானுக்கு அதற்கு நேரம் கிடைக்கிறது. பகல் குறையக் குறைய மேய்ச்சல் மாறுகிறது, பசியும் தானாகவே அடங்குகிறது. பட்டியில் கட்டித் தீனியைக் குவித்து வைத்தாலும் குளிர்காலத்தில் அது குறைவாகத்தான் தின்னும். லைக்கனில் கார்போஹைட்ரேட் நிறைய, புரதம் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான். அதனால் சிறுநீரில் போக வேண்டிய யூரியாவை உடம்பு வெளியே விடாமல் எச்சில் வழியாகவும் ரத்தத்தின் வழியாகவும் வயிற்றுக்கே திருப்பி அனுப்புகிறது. நுண்ணுயிர்கள் அதிலிருந்து புரதம் செய்துகொள்கின்றன. இந்த வேலையை உங்கள் வெள்ளாடும் செய்கிறது, ம. சித்திரை வெயிலில் காய்ந்த தட்டையைக் கடித்து அது உயிரோடு இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். திறமை இல்லையாம்!

கன்னங்குறிச்சியில் எங்கள் எதிர்வீட்டு ஆயாவிடம் ஒரு சினை மாடு இருந்தது. பக்கத்து மண்டபத்தில் கல்யாணம் முடிந்து, மிஞ்சிய சோற்றைப் பின்பக்கம் கொட்டினார்கள். வாயில்லா ஜீவன் தின்னட்டும் என்ற நல்ல எண்ணம்தான். மாடு வயிறு முட்டத் தின்றது. ராத்திரி அசைபோடவில்லை, பல்லை நறநறவென்று கடித்தது. காலையில் புளிச்ச வாடையோடு கழிச்சல், கண் குழி விழுந்துவிட்டது. டாக்டர் வந்து சோடா உப்பு கரைத்து ஊற்றினார், பாட்டில் ஏற்றினார். மத்தியானம் போய்விட்டது. “நல்ல சோறுதானப்பா தின்னுச்சு” என்று ஆயா எல்லோரிடமும் கேட்டுக்கொண்டே இருந்தார்.

நல்ல சோறுதான். புல்லுக்குப் பழகிய வயிற்றில் அவ்வளவு மாவுச்சத்து ஒரே நேரத்தில் விழுந்தால், லாக்டிக் அமிலம் சுரக்கும் பாக்டீரியாக்கள் மட்டும் வெறிகொண்டு பெருகும். மற்றவை செத்துப்போகும். உடம்பிலிருக்கும் நீரெல்லாம் வயிற்றுக்குள் இறங்கும், அமிலம் ரத்தத்தில் ஏறும். இது மாட்டின் பலவீனம் இல்லை. துருவ மானுக்கும் இதேதான். பனிமேல் மழை பெய்து உறைந்தால் லைக்கன் ஐஸ் பாளத்துக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். 2013 நவம்பரில் ரஷ்யாவின் யமால் பகுதியில் அப்படி உறைந்து, சுமார் 61,000 மான்கள் பட்டினியில் செத்தன. பட்டினி கிடந்த மானுக்கு இரக்கப்பட்டுத் தானியத்தைக் கொட்டினால் அது வயிறு நிறைந்தே சாகும். வடக்கு ஐரோப்பாவில் மான் மேய்க்கும் சாமி மக்களுக்கு இது தெரியும். மோசமான குளிர்காலங்களில் லைக்கன் தொங்கும் மரங்களை வெட்டிச் சாய்த்து மான்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். அந்த வயிறு ஏற்கெனவே பழகிய தீனி அது.

ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் இருக்கும் மானைப் பார்த்து வியக்கத் தெரிந்த உங்களுக்கு, கொட்டகையில் நிற்கும் மாட்டின் வயிற்றைப் பார்க்கத் தெரியவில்லையே என்பதுதான் என் கோபம். நீங்கள் நல்லவர். ஆட்டுக்குத் தீனி தேடித்தானே எனக்கு எழுதினீர்கள்.

காபிக்கு நிழலாக நிற்கும் கல்யாண முருங்கையை ஒடித்துப் போடுங்கள், வெள்ளாடு விரும்பித் தின்னும். கீழே வந்தால் கடலைக்கொடி வாங்கிப் போங்கள். தவிடோ மாவோ புதிதாக ஆரம்பித்தால் ஒரு கைப்பிடியில் தொடங்கி, இரண்டு மூன்று வாரத்தில் மெல்லக் கூட்டுங்கள். மாட்டுப் பொங்கலன்று ஒரு உருண்டைக்கு மேல் வேண்டாம், பிள்ளைகள் கெஞ்சினாலும். தப்பித் தவறி நிறையத் தின்றுவிட்டால், அசைபோடுகிறதா என்று விடியும்வரை பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். உடனே கால்நடை ஆம்புலன்ஸுக்கு, 1962க்கு அடியுங்கள். மலைமேல் வண்டி ஏறி வர நேரமாகும்.