எண்கள் ஏன் இடம் மாறுகின்றன? வேலை நேரத்தில் பாட்டும் அமைதியும்

கேள்வி: கோவையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் நான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். ஒரே ஹாலில் எட்டுப் பேர். ஹெட்போனை மாட்டி எண்பதுகளின் சினிமாப் பாடல்களைப் போட்டால்தான் எனக்கு வேலை ஓடும். ஆனால் சில மாதங்களாக என்ட்ரியில் தப்பு அதிகம் வருகிறது. 4581 என்ற பில் எண் 4518 ஆகிவிடுகிறது. பாட்டை நிறுத்தச் சொல்கிறார் சீனியர் மேடம். நிறுத்தினால் பக்கத்து மேஜைக்காரர் போனில் பேசுவது முழுக்கக் காதில் விழுகிறது, அது இன்னும் மோசம். பாட்டா, அமைதியா, எது சரி? (வாசகி, கோவை)

பதில்: உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த 4518தான். நான்கு எண்களும் சரியாகவே இருக்கின்றன, வரிசை மட்டும் குலைந்திருக்கிறது. பாட்டோ பேச்சோ காதில் விழும்போது முதலில் அடிபடுவது இந்த வரிசை நினைவுதான். அதனால் மேடம் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நீங்கள் சொல்வதிலும் இருக்கிறது.

ஒரு பில்லைப் பார்த்து டேலி கணக்கு மென்பொருளில் ஏற்றும்போது உங்களையே கவனித்துப் பாருங்கள். ஜி.எஸ்.டி. எண் என்றால் பதினைந்து இலக்கம், தமிழ்நாட்டு வியாபாரி என்றால் 33-இல் தொடங்கும், நடுவில் எழுத்துகளும் கலந்து வரும். பில்லிலிருந்து கண்ணை எடுத்துத் திரைக்குப் போகிற அந்த இரண்டு மூன்று விநாடி, பார்த்ததை மனதுக்குள் சொல்லிக்கொண்டே போவீர்கள். உதடு அசையாது, ஆனால் உள்ளே ஒரு குரல் சொல்லிக்கொண்டிருக்கும். ஆலன் பாடலி, கிரகாம் ஹிட்ச் என்ற இரு உளவியலாளர்கள் 1974-இல் முன்வைத்த நினைவாற்றல் விளக்கத்தில் இந்த உள்குரலுக்கு முக்கிய இடம் உண்டு. அது வேலை செய்யும் நேரத்தில் காது வழியாக இன்னொரு குரல் நுழைந்தால், பிடித்து வைத்திருக்கும் வரிசை கலைகிறது.

‘நான் பாட்டைக் கவனிப்பதே இல்லையே, அது பாட்டுக்கு ஓடுகிறது’ என்று பலர் என்னிடம் சொல்வார்கள். கவனிக்காவிட்டாலும் இந்தக் கலைப்பு நடக்கிறது. 1976-இல் வெளியான ஓர் ஆய்வில், திரையில் தெரியும் எழுத்துகளை வரிசையாக நினைவில் வைக்கச் சொல்லிவிட்டு, காதில் ஜெர்மன் மொழிப் பேச்சை ஓடவிட்டார்கள். கேட்டவர்களுக்கு ஜெர்மன் தெரியாது. அப்படியும் தப்புகள் கூடின. பின்னால் வந்த சோதனைகளில், சாதாரணப் பேச்சளவுக்குள் ஒலியைக் கூட்டினாலும் குறைத்தாலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே, அர்த்தம் புரியாத கொரியப் பாட்டுக்கு மாறுவதோ பாட்டைச் சன்னமாக வைப்பதோ உங்கள் என்ட்ரி வேலையைக் காப்பாற்றாது. குரலோடு வரும் இசை, குரலில்லாத இசையைவிட அதிகம் கெடுக்கிறது என்பதை 1989-இல் பாடலியும் சலாமே என்ற ஆய்வாளரும் காட்டினார்கள்.

அப்படியானால் வீணை, புல்லாங்குழல் என்று மாறிக்கொள்ளலாமா? இங்கேதான் நம் ஆட்கள் ஒரு குழியில் விழுகிறார்கள். உங்களுக்குத் தெரிந்த சினிமாப் பாட்டையே குழலில் வாசித்தால், வரிகளை மனசு தானாகப் பாடத் தொடங்கிவிடும். குரல் வெளியிலிருந்து வரவில்லை, உள்ளிருந்தே வருகிறது, அவ்வளவுதான் வேறுபாடு. சங்கீதம் கற்றவர்களுக்குக் கச்சேரி வாத்திய இசையும் ஒத்துவராது என்பது என் அனுபவம். ராகம் என்ன, தாளம் எங்கே விழுகிறது என்று மனம் பின்னாலேயே போய்விடும். எதுவும் கற்காதவருக்கு அதே இசை நல்ல துணையாக இருக்கலாம். வாத்திய இசைதான் வேண்டும் என்றால் உங்களுக்கு மனப்பாடம் ஆகாத, ஏற்ற இறக்கம் குறைந்த ஒன்றாகத் தேர்ந்தெடுங்கள்.

இப்போது பக்கத்து மேஜை. போன் பேச்சு அவ்வளவு எரிச்சலூட்டுவதற்குக் காரணம், நம் காதில் பாதி மட்டும் விழுவது. எதிர்முனை என்ன சொன்னது, இவர் அடுத்து என்ன சொல்வார் என்று மனசு ஊகித்துக்கொண்டே இருக்கிறது. இருவர் பேச்சையும் முழுதாகக் கேட்பதைவிட, ஒருபக்கப் போன் பேச்சு கவனத்தை அதிகம் கலைக்கிறது என்று 2010-இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. நீங்கள் இதுவரை பாட்டை ஒரு சுவராகத்தான் பயன்படுத்தியிருக்கிறீர்கள். சுவர் தேவைதான், அதை வார்த்தை இல்லாத ஒலியால் எழுப்புங்கள்.

மழைச் சத்தம், அருவிச் சத்தம், மின்விசிறி இரைச்சல் என ஒரே சீராக ஓடும் எதுவும் இதற்கு நல்லது. நம் பக்கம் எளிதாகக் கிடைப்பது தம்பூராவின் சுருதி. செயலியாகவே இருக்கிறது, சிலருக்கு மழையைவிட அதுவே இதமாக இருக்கும். இடி, பறவைக் குரல் கலந்த மழை வேண்டாம், திடீர் மாற்றம் கவனத்தை இழுக்கும். அளவு எவ்வளவு? பக்கத்து மேஜைக்காரர் பேசுவது தெரிய வேண்டும், என்ன பேசுகிறார் என்பது புரியக் கூடாது. அந்த இடத்தில் நிறுத்துங்கள். அதற்கு போனின் முழு ஒலியில் 60 சதவீதத்துக்கு மேல் தேவைப்பட்டால், உட்காரும் இடத்தை மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள், காதைப் பணயம் வைக்காதீர்கள். இரைச்சல் நீக்கும் ஹெட்போன் வாங்க நினைத்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். ஏ.சி., பேருந்து எஞ்சின் போன்ற சீரான தாழ்ந்த ஒலியை அது நன்றாக அழிக்கும். மனிதப் பேச்சை அந்த அளவுக்கு அழிக்காது.

பாட்டை அறவே விட வேண்டியதில்லை. நம் ஊரில் ஏற்றம் இறைத்தவர்களும் நாற்று நட்டவர்களும் பாடிக்கொண்டேதான் வேலை செய்தார்கள். பிரிட்டனில் 1940 முதல் 1967 வரை தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கென்றே பி.பி.சி. வானொலி இசை ஒலிபரப்பியது. கை பழகிய, திரும்பத் திரும்பச் செய்யும் வேலைக்குப் பாட்டு உற்சாகம் தருகிறது. உங்கள் மேஜையிலும் அப்படி வேலை உண்டு: பில்களை ஸ்கேன் செய்வது, தேதிவாரியாக அடுக்கிக் கோப்பில் சேர்ப்பது, பிரிண்ட் எடுப்பது. இதையெல்லாம் சேர்த்து வைத்து, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொருகும் நேரத்தில், ஆசை தீரப் பாட்டோடு செய்யுங்கள். என்ட்ரிக்கும், 2பி எனும் ஜி.எஸ்.டி. கொள்முதல் பட்டியலைச் சரிபார்ப்பதற்கும் மழைச் சத்தம் போதும். வரித்துறை நோட்டீசுக்குப் பதில் எழுதும்போது, முடிந்தால் எதுவுமே வேண்டாம்.

காலையில் பாட்டில்லாமல் வேலை ஓடாது என்கிறீர்களே, அதற்கு வேலை தொடங்கும் முன் பத்து நிமிடம் கேளுங்கள். 1993-இல் மாணவர்களுக்குப் பத்து நிமிடம் மொசார்ட் இசையைக் கேட்கவைத்து, பிறகு ஒரு சோதனை வைத்தபோது, கொஞ்ச நேரத்துக்கு நன்றாகச் செய்தார்கள். மொசார்ட் கேட்டால் மூளை வளரும் என்று அது பரவிவிட்டது. பிந்தைய ஆய்வுகளோ, பிடித்த இசை மனநிலையையும் சுறுசுறுப்பையும் கூட்டியதுதான் காரணம் என்றன. அந்தப் பயனை உங்கள் எண்பதுகளின் பாடல்களும் தரும்.

ஆளுக்கு ஆள் இது மாறும் என்பதால், உங்களிடமே சோதித்துப் பாருங்கள். ஒருநாள் பாட்டு, மறுநாள் மழைச் சத்தம், அதற்கடுத்த நாள் ஒன்றுமில்லை என்று இரண்டு வாரம் மாற்றி மாற்றி வையுங்கள். தினமும் காலை ஒரே ஒரு மணி நேரம், ஒரே மாதிரி என்ட்ரி. எத்தனை பில், எத்தனை திருத்தம் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். எந்த நாள் ‘நன்றாகப் போனது’ என்ற உணர்வை நம்ப வேண்டாம், பாட்டு நேரத்தை இனிமையாக்கிவிடும், தப்பைக் காட்டாது. 11-ஆம் தேதிக்கும் 20-ஆம் தேதிக்கும் முந்தைய ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் நெருக்கடி நாட்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அப்போது எல்லோருக்குமே தப்பு வரும்.

அந்த நோட்டை மேடத்திடம் காட்டி, காலையில் அந்த ஒரு மணி நேரம் மட்டும் போன் வந்தால் வராந்தாவில் போய்ப் பேசலாம் என்று ஹால் முழுக்கச் சொல்ல முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.