"ஈசியூ போயிடுச்சு" என்று மெக்கானிக் சொன்னால் நம்பலாமா?

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை, கோளாறைப் படிக்கும் ஸ்கேனரும் கனெக்ட் ஆகவில்லை, அதனால் ஈசியூவை (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பெட்டி) மாற்றச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இதை மட்டும் வைத்து பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலைதான் எனக்குச் சோறு போடுகிறது. ஈசியூ அவுட் என்ற தீர்ப்போடு என்னிடம் வரும் பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் அந்தப் பெட்டி நன்றாகத்தான் இருக்கும். கோளாறு கரன்ட்டிலோ, எர்த்திலோ, எலி கடித்த ஒயரிலோ இருக்கும்.

சாவியை ஆன் செய்ததும் செக் எஞ்சின் விளக்கு எரிகிறதா என்று முதலில் பாருங்கள். பழைய வண்டியில் அது எரியவில்லை என்றால் பெரும்பாலும் ஈசியூவுக்கு சப்ளையே போகவில்லை என்று அர்த்தம். புது வண்டிகளில் ஈசியூவிடமிருந்து தகவல் வராவிட்டால் டாஷ்போர்டு மீட்டரே அந்த விளக்கைப் போட்டுவிடுவதுண்டு, அதனால் விளக்கை மட்டும் நம்ப முடியாது.

அடுத்து ஃப்யூஸ், மெயின் ரிலே (ஈசியூவுக்குக் கரன்ட்டைத் திறந்துவிடும் சுவிட்ச்), பிறகு ஈசியூ கப்ளர் (ஒயர்கள் வந்து மாட்டும் பிளக்). சப்ளை பின்களை வெறும் மல்டிமீட்டரில் பார்த்துவிட்டு "12 வோல்ட் வருதுங்க" என்பவர்களிடம்தான் எனக்குச் சண்டை. உள்ளே அரித்துப்போய் ஓரிரு இழை மட்டும் மிச்சமிருக்கும் ஒயரும் மீட்டரில் 12 காட்டும். அதே இடத்தில் ஒரு பல்பை வைத்தால் மங்கலாகத்தான் எரியும். எர்த்தை கப்ளர் மாட்டியபடியே பார்க்க வேண்டும்: செல்ஃப் அடிக்கும்போது ஈசியூவின் எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பாடி எர்த்தைக் கழற்றிச் சுரண்டி மாட்டுங்கள். செல்ஃப் அடிக்கையில் பேட்டரியே 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் மற்ற சோதனை எல்லாம் அப்புறம்.

பலரும் கோட்டை விடுவது 5 வோல்ட் லைனில். த்ராட்டில், மேப் (இன்டேக் காற்றின் அழுத்தத்தைப் பார்ப்பது), ஆக்ஸிலரேட்டர் பெடல் போன்ற சென்சார்களுக்கு ஈசியூதான் 5 வோல்ட் கொடுக்கிறது, பல வண்டிகளில் ஒரே லைனைப் பல சென்சார்கள் பகிர்ந்துகொள்ளும். அதில் ஒன்று ஷார்ட் ஆனால் போதும், சில வண்டிகளில் ஈசியூ மொத்தமாகப் படுத்துவிடும், ஸ்கேனருக்கும் பதில் சொல்லாது. உங்களுடையதைப் போலவே ஒரு வண்டி வந்தது. பெட்டியைக் கழற்றி ரிப்பேருக்கு அனுப்பச் சொல்லியிருந்தார்கள். த்ராட்டில் சென்சார் கப்ளரில் மீட்டரை வைத்தேன்: 5 இருக்க வேண்டிய இடத்தில் 0.3. மீட்டரை அப்படியே விட்டுவிட்டு ஒவ்வொரு சென்சாராகக் கப்ளரை உருவிக்கொண்டே வந்தேன். ரேடியேட்டர் பக்கம் இருந்த ஏசி பிரஷர் சென்சாரை உருவியதும் மீட்டர் 5-க்குத் தாவியது, உள்ளே செக் எஞ்சின் விளக்கும் எரிந்தது. அந்தச் சென்சாரைக் கழற்றிப் போட்டபடியே வண்டி ஸ்டார்ட் ஆனது. ஏசிக்கான சென்சாரால் எஞ்சினே நிற்கும் என்றால் வண்டிக்காரர் எப்படி நம்புவார், சொல்லுங்கள்?

ஸ்கேனர் பேசாததற்கு வேறு காரணங்களும் உண்டு. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் கனெக்டரில் 16-வது பின்னில் பேட்டரி கரன்ட், 4, 5-ல் எர்த் வர வேண்டும். பல வண்டிகளில் சிகரெட் லைட்டருக்கும் இதற்கும் ஒரே ஃப்யூஸ், மட்டமான மொபைல் சார்ஜர் அதை ஊதிவிட்டிருக்கும். பிறகு பேட்டரியைக் கழற்றிவிட்டு 6, 14 பின்களுக்கு நடுவே ஓம்ஸ் பாருங்கள். கேன் லைன் (வண்டியின் கம்ப்யூட்டர் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசும் இரட்டை ஒயர்) அங்கே வரும் வண்டிகளில் பொதுவாக 60 காட்ட வேண்டும். 120 என்றால் ஒரு முனை எங்கோ அறுந்திருக்கிறது, பூஜ்யத்தை ஒட்டி வந்தால் ஷார்ட். இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் வண்டியை ஸ்டார்ட் ஆகவிடாத பூட்டு) விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தால் சாவிப் பக்கம் போங்கள். சூடானால் மட்டும் நின்று, ஆறினால் ஸ்டார்ட் ஆகும் வண்டியில் எஞ்சின் சுற்றுவதை ஈசியூவுக்குச் சொல்லும் கிராங்க் சென்சார்தான் என் முதல் சந்தேகம்.

சரி, ஈசியூதான் என்று எப்போது சொல்லலாம்? சப்ளையும் எர்த்தும் பல்பு வைத்துப் பார்த்தும் சரி, எல்லா சென்சாரையும் உருவி, அந்த ஒயரிலும் ஷார்ட் இல்லை என்று பார்த்த பிறகும் 5 வோல்ட் வரவில்லை, அப்போது சொல்லலாம். கிராங்க் சிக்னல் உள்ளே வருகிறது, பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் வரை ஒயர் முழுசாக இருக்கிறது, ஆனாலும் ஒரே ஒரு இன்ஜெக்டருக்கு மட்டும் பல்ஸ் வரவில்லை என்றாலும் ஈசியூவுக்குள் அதை இயக்கும் டிரைவர் சர்க்யூட் போயிருக்கலாம். சப்ளை எல்லாம் சரியாக இருந்தும் ஈசியூவின் உள்கோளாறைச் சொல்லும் பி0601, பி0606 என்ற எர்ரர் கோடுகள் ஸ்கேனரில் அழிக்க அழிக்கத் திரும்பி வந்தாலும் சந்தேகம் நியாயமானது. கப்ளர் பின்களில் பச்சை பூத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது, திறந்து பார்த்தே ஆக வேண்டும்.

அப்படியே ஆனாலும் உடனே வேறு பெட்டியை மாட்டிவிடாதீர்கள். ஷார்ட்டான இக்னிஷன் காயில் பழையதைக் கொன்றிருந்தால் புதியதையும் அதே இடத்தில் கொல்லும். பேட்டரியைத் தலைகீழாக ஜம்ப் செய்தார்களா, பேட்டரியைக் கழற்றாமல் பாடியில் வெல்டிங் வைத்தார்களா என்று விசாரியுங்கள். பழைய மார்க்கெட்டில் செகண்ட்ஹேண்ட் வாங்குவதானால் ஸ்டிக்கரில் உள்ள பார்ட் நம்பர் கடைசி எழுத்து வரை ஒன்றாக இருக்கட்டும். இம்மொபிலைசர் உள்ள வண்டி என்றால், உங்கள் சாவியோடு அதைச் சேர்த்துக் கொடுப்பது யார் பொறுப்பு, அந்தக் கூலி விலையில் அடக்கமா என்பதைப் பணம் கொடுக்கும் முன்பே பேசிவிடுங்கள்.