வேர்டும் லிப்ரே ஆபிசும்: கோப்புச் சிக்கல்கள் குறித்த கேள்வி பதில்

கேள்வி: ஐயா, அலுவலகத்தில் வேர்டில் தயாரித்த அறிக்கையை வீட்டில் லிப்ரே ஆபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளில் திறந்தால் ஒரு பக்கம் கூடிவிடுகிறது, அட்டவணைகளும் இடம் மாறுகின்றன. கோப்பு கெட்டுவிட்டதா?

பதில்: கெடவில்லை. வேர்டு கோப்பில் பொதுவாக எழுத்துருவின் பெயர் மட்டுமே பதிவாகிறது. எழுத்துரு உடன் வருவதில்லை. காலிப்ரியில் எழுதிய அறிக்கை அது இல்லாத கணினிக்கு வரும்போது வேறொரு எழுத்துரு அந்த இடத்தை நிரப்புகிறது. எழுத்தின் அகலம் சிறிது மாறினாலும் வரிகள் நீண்டு, பத்திகள் கீழிறங்கி, அட்டவணை அடுத்த பக்கத்துக்குத் தள்ளப்படுகிறது. காலிப்ரிக்குக் கார்லிட்டோ, கேம்ப்ரியாவுக்குக் கலாடியா, டைம்ஸ் நியூ ரோமனுக்கு லிபரேஷன் செரிஃப் என அதே அகலத்தில் அமைந்த இலவச எழுத்துருக்கள் உள்ளன. அவற்றை நிறுவிய பிறகும் பக்கம் சிதறினால், தட்டச்சு செய்தவர் இடைவெளிப் பட்டையை அழுத்தி அழுத்தி வரிகளை நேராக்கியிருக்கிறாரா என்று பாருங்கள். என் அனுபவத்தில் பாதித் தொல்லை அங்கிருந்துதான் வருகிறது.

கேள்வி: அப்படியானால் எல்லாவற்றையும் லிப்ரே ஆபிசின் ஓடிடி (ODT) கோப்பு வடிவத்துக்கு மாற்றிவிடலாமா?

பதில்: உடன் பணிபுரிவோர் அனைவரும் வேர்டு பயன்படுத்தினால் வேண்டாம். ஓடிடி சார்ந்த திறந்த ஆவண வடிவம் 2006-லும், வேர்டின் டாக்எக்ஸ் (DOCX) சார்ந்த வடிவம் 2008-லும் ஐஎஸ்ஓ எனும் பன்னாட்டுத் தர அமைப்பின் தரங்களாயின. ஆனாலும் இரண்டின் உள்ளமைப்பும் வேறு என்பதால், ஒவ்வொரு மாற்றத்திலும் ஏதேனும் ஒன்று நழுவக்கூடும். திருத்தப் போகும் கோப்பை முதலிலிருந்து கடைசிவரை ஒரே வடிவத்தில் வைத்திருங்கள். படிக்க மட்டுமே அனுப்புவதென்றால் பிடிஎஃப் போதும்.

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். பாமினியில் தட்டச்சு செய்த எங்கள் சங்கத்தின் பழைய அறிக்கைகள் புதிய கணினியில் வெறும் ஆங்கில எழுத்துகளாகத் தெரிகின்றன.

பதில்: பாமினி, ஆங்கில எழுத்துகளுக்குரிய குறியெண்களில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துரு. ஆகவே கணினியைப் பொறுத்தவரை அந்தக் கோப்பில் இருப்பது ஆங்கில எழுத்துதான். பாமினியை நிறுவினால் உடனே படிக்கலாம்; ஆனால் தேடவோ இணையத்தில் இடவோ முடியாது. அதனால் அவற்றை, தமிழ் எழுத்துகளுக்கெனத் தனிக் குறியெண்கள் உள்ள ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றிவிடுமாறு வற்புறுத்திச் சொல்கிறேன். மாற்றும்போது கவனம் தேவை: கோப்பு முழுவதையும் மொத்தமாக எழுத்துரு மாற்றும் கருவியில் ஒட்டினால், இடையிலுள்ள உண்மையான ஆங்கிலப் பெயர்களும் முகவரிகளும் பொருளற்ற தமிழாகிவிடும். எழுத்துருவின் பெயரைக் கொண்டு பாமினிப் பகுதிகளை மட்டும் பிரித்தெடுத்து மாற்றுங்கள். மூலக் கோப்பை அழிக்காதீர்கள்.

கேள்வி: தமிழ்ப் பெயர்கள் உள்ள சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த பட்டியல்) கோப்பு எக்செலில் குப்பையாகத் தெரிகிறது.

பதில்: இருமுறை சொடுக்கித் திறக்காமல், எக்செலின் தரவுப் பட்டியிலிருந்து இறக்குமதி செய்து யூடிஎஃப்-8 (UTF-8) என்ற ஒருங்குறிக் குறியாக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். லிப்ரே ஆபிஸ் திறக்கும்போதே குறியாக்கத்தைக் கேட்கும்.

கேள்வி: எக்செலின் பழைய எக்ஸ்எல்எஸ் (XLS) வடிவில் சேமித்த பெரிய பட்டியலில் கடைசி வரிசைகளைக் காணவில்லை. மீட்க முடியுமா?

பதில்: அந்தக் கோப்பிலிருந்து முடியாது. எக்ஸ்எல்எஸ் தாளில் 65,536 வரிசைகளே அடங்கும். எஞ்சியவை சேமிக்கும்போதே விடுபட்டுவிட்டன. 2020-இல் இங்கிலாந்தில் ஏறத்தாழ 16,000 கொரோனா தொற்றாளர்களின் விவரம் உரிய நேரத்தில் பதிவாகாமல் போனதற்கும் இந்தப் பழைய வடிவத்தின் வரம்பே காரணம். மூலத் தரவைக் கேட்டுப் பெற்று, 10,48,576 வரிசைகள் கொள்ளும் புதிய எக்ஸ்எல்எஸ்எக்ஸ் (XLSX) வடிவில் மீண்டும் சேமித்து, இரண்டிலும் வரிசைகளின் எண்ணிக்கை ஒத்திருக்கிறதா என்று சரிபாருங்கள்.