சூப்பர்மேனும் மோசேயும் - கடிதம்

ஐயா,

சூப்பர்மேன் கதை பைபிளில் வரும் மோசேயின் கதைதான் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். கூடையில் வைத்து ஆற்றில் விடப்பட்ட குழந்தை, ராக்கெட்டில் அனுப்பப்பட்ட குழந்தையாக மாறியதாம். சூப்பர்ஹீரோக்களைப் படைத்தவர்களில் பலர் யூதர்கள் என்றும் சொல்கிறார்கள். எவ்வளவு உண்மை?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டாவது விஷயத்தில் சந்தேகமே இல்லை. சூப்பர்மேனைப் படைத்த ஜெர்ரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் கிளீவ்லாந்தில் ஒரே பள்ளியில் படித்த யூதப் பையன்கள். பேட்மேனின் பாப் கேன், பில் ஃபிங்கர், அப்புறம் ஸ்பைடர்மேனின் ஸ்டான் லீ, கேப்டன் அமெரிக்காவின் ஜாக் கிர்பி, ஜோ சைமன் என்று பட்டியல் நீளும். மோசே ஒப்பீட்டைத்தான் நான் தள்ளி வைப்பேன். ஆற்றில் விடப்பட்ட குழந்தை என்றால் நமக்குக் கர்ணன் ஞாபகம் வருகிறான். அதற்காக சீகல் மகாபாரதம் படித்தார் என்று ஆகிவிடுமா?

1930களில் பெரிய விளம்பர நிறுவனங்களிலும் பளபளப்பான பத்திரிகைகளிலும் யூத ஓவியர்களுக்கு வேலை கிடைப்பது குதிரைக்கொம்பு. காமிக்ஸோ யாரும் மதிக்காத பத்து சென்ட் சரக்கு. அதன் பதிப்பாளர்களிலும் யூதர்கள் நிறைய. அங்கே இடம் கிடைத்தது. உள்ளே வந்தும் யூதப் பெயர்கள் மாறின: ஜேக்கப் கர்ட்ஸ்பெர்க் ஜாக் கிர்பி ஆனார், ராபர்ட் கான் பாப் கேன் ஆனார்.

கேப்டன் அமெரிக்கா முதல் இதழின் அட்டையைத் தேடிப் பாருங்கள். நாயகன் ஹிட்லரின் தாடையில் ஒரு குத்து விடுகிறான். சுற்றி நின்று நாஜிகள் சுடுகிறார்கள். இதழில் போட்ட தேதி 1941 மார்ச், ஆனால் கடைக்கு வந்தது 1940 டிசம்பரில். அமெரிக்கா போரில் இறங்க இன்னும் ஒரு வருடம் இருந்தது; நமக்கெதற்கு வம்பு என்ற குரல் அங்கே பலமாகவே கேட்டது. சைமனுக்கும் கிர்பிக்கும் மிரட்டல்கள் வந்து, அலுவலகத்துக்குப் போலீஸ் காவல் போட வேண்டியதாயிற்று. இத்தனைக்கும் கேப்டன் அமெரிக்கா யூதன் இல்லை. கோபம் மட்டும் வரைந்தவர்களுடையது. நாஜிகளும் இதைக் கவனிக்காமல் இல்லை. 1940 ஏப்ரலிலேயே எஸ்.எஸ். படையின் பத்திரிகை, சீகல் யூதர் என்பதைச் சொல்லியே அவரையும் சூப்பர்மேனையும் திட்டி எழுதியிருந்தது.

பாத்திரங்களை வெளிப்படையாக யூதர் என்று சொல்ல வெகுகாலம் ஆனது. லீயும் கிர்பியும் படைத்த ஃபென்டாஸ்டிக் ஃபோர் காமிக்ஸின் பென் கிரிம் வந்தது 1961இல். அவன் யூதன் என்று கதையில் வந்தது 2002இல். கிர்பி அதற்கு வெகுமுன்பே, யூத வழிபாட்டுச் சால்வை போர்த்திய பென் கிரிமைத் தனக்கென்று ஒரு படமாக வரைந்து வைத்திருந்தார்.

சூப்பர்மேனின் உரிமையை சீகலும் ஷூஸ்டரும் 130 டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பிறகு வழக்கு, வறுமை எல்லாம் உண்டு. 1960களில் சீகல் பிரிட்டனின் ஒரு வாரப் பத்திரிகைக்குக் கதை எழுதினார். தமிழில் லயன் காமிக்ஸில் நாம் விழுந்து விழுந்து படித்த ஸ்பைடர் (ஸ்பைடர்மேன் அல்ல) இருக்கிறானே, அந்தப் பத்திரிகையில் வந்த அவனுடைய கதைகளில் பல சீகல் எழுதியவைதான்.