பட்டாணி அளவில் இருக்கும்போதே வாருங்கள்

கால்நடை மருத்துவர் பதில்கள்

கேள்வி: எங்கள் ஜூலிக்கு ஒன்பது வயது. பொமரேனியன். இரண்டு முறை குட்டி போட்டிருக்கிறாள். போன வாரம் குளிப்பாட்டியபோது பின்னங்காலை ஒட்டிய காம்பின் பக்கத்தில் பட்டாணி போல ஒன்று கையில் தட்டுப்பட்டது. தொட்டால் வலிப்பதாகத் தெரியவில்லை, நன்றாகச் சாப்பிடுகிறாள். பால் கட்டியிருக்கும், மஞ்சள் பற்றுப் போட்டால் கரைந்துவிடும் என்கிறார் மாமியார். குட்டி போட்ட நாய்க்குப் புற்றுநோய் வராதாமே? கொஞ்ச நாள் பார்க்கலாமா டாக்டர்?
– வாசகி, தென்காசி

பதில்: வேண்டாம் அம்மா, இந்த வாரமே காட்டிவிடுங்கள்.

போன ஆண்டு ஒரு பெரியவர் தம் ராஜபாளையம் நாயை அழைத்து வந்தார். வயிற்றுக்கடியில் பாதித் தேங்காய் அளவுக்குக் கட்டி. தோல் வெடித்து ஈ மொய்த்தது. “எட்டு மாதத்துக்கு முன்னால் சுண்டைக்காய் அளவுதான் இருந்தது” என்றார். மார்பை எக்ஸ்ரே எடுத்தேன். நுரையீரல் முழுக்க வெள்ளை வெள்ளையாக வட்டங்கள், புற்று அங்கும் பரவிவிட்டிருந்தது. அவர் அந்தப் படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். சுண்டைக்காயாக இருந்தபோதே வந்திருந்தால் நான் செய்வதற்கு எவ்வளவோ இருந்தது. அந்த ஆற்றாமையில்தான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கருத்தடை செய்யாத பெண் நாய்களுக்கு மிக அதிகமாக வருவது மடிக்கட்டிதான். அவற்றில் ஏறக்குறைய பாதி சாதாரணக் கட்டி, பாதி புற்று. எது எது என்று விரலால் தடவி யாராலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. வலி இல்லாததையும் பசி குறையாததையும் வைத்து நிம்மதி அடையாதீர்கள். இந்தப் புற்று ஆரம்பத்தில் வலிப்பதில்லை.

காரணம் ஹார்மோன். பெண் நாய் பெரும்பாலும் ஆறேழு மாதத்துக்கு ஒருமுறை பருவத்துக்கு வருகிறது. அது முடிந்ததும், சினையானாலும் ஆகாவிட்டாலும், இரண்டு மாதம் வரை உடம்பில் புரோஜெஸ்டிரோன் மிகுந்திருக்கும். மடித் திசு ஒவ்வொரு முறையும் அதனால் தூண்டப்பட்டு வளர்கிறது. ஆண்டுக்கணக்கில் இது நடந்தபின் எங்கோ ஒரு செல் தடம் மாறிவிடுகிறது. குட்டி போட்டதால் இதிலிருந்து தப்ப முடியாது. ‘ஒரு ஈற்று ஈனட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போடுவதில் பருவங்கள்தான் கூடுகின்றன. பருவத்துக்கு வராமலிருக்கப் போடும் ஹார்மோன் ஊசியும் இதே வேலையைத்தான் செய்யும். என்னிடம் வந்து அந்த ஊசியைக் கேட்பவர்களுக்கு நான் போடுவதில்லை.

முதல் பருவத்துக்கு முன்பே கருத்தடை செய்த நாய்க்கு, செய்யாத நாய்க்குள்ள ஆபத்தில் 0.5 சதவீதமே இருப்பதாக 1969-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு சொன்னது. ஒரு பருவம் கழிந்து செய்தால் 8, இரண்டு கழிந்தால் 26 சதவீதம். இந்த எண்கள் இவ்வளவு துல்லியமானவையா என்று பின்னால் வந்தவர்கள் கேட்டிருக்கிறார்கள். ஆனால், சீக்கிரம் செய்தால் மடிக்கட்டி குறையும் என்பதை என் அனுபவத்திலும் கண்டிருக்கிறேன். பெரிய இன நாய்களுக்கு மட்டும் எலும்பு வளர்ச்சியையும் யோசித்து, எந்த வயதில் செய்வது என்று மருத்துவரிடம் பேசி முடிவெடுங்கள்.

ஜூலியை மல்லாக்கப் படுக்க வைத்து, முன்னங்கால் இடுக்கிலிருந்து பின்னங்கால் இடுக்கு வரை இரண்டு வரிசையையும் இரு விரலால் நெருடிப் பாருங்கள். பொதுவாகப் பத்துக் காம்புகள் இருக்கும். கடைசி இரண்டு ஜோடியில்தான் கட்டி அதிகம் வரும். ஒன்று இருந்தால் இன்னொன்றும் இருக்கக்கூடும். மருத்துவர் நெறிகளை (நிணநீர் முடிச்சுகளை) தடவிப் பார்த்து, மார்பு எக்ஸ்ரே எடுத்து, நுரையீரல் சுத்தமாக இருந்தால் கட்டியை அறுத்து எடுப்பார். எடுத்ததைக் குப்பையில் போட விடாதீர்கள். திசுப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். பெயர் தெரிந்தால்தான் அடுத்து என்ன என்று சொல்ல முடியும். மூன்று சென்டிமீட்டருக்குள் இருக்கும் கட்டிகளுக்குப் பலன் நன்றாக இருக்கும். அதே மயக்கத்தில் கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டால், இந்த வயதில் கருப்பையில் சீழ் பிடிக்கும் ஆபத்தும் நீங்கும். உங்களுக்குப் பக்கத்தில் திருநெல்வேலி ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

மஞ்சள் தோலின் மேலேதான் நிற்கும். மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். அவரும் ஜூலி மேல் உள்ள அன்பில்தான் சொல்கிறார்.

கேள்வி: ஆறு வயது லாப்ரடார். ஆண். ஒரு விதை கீழே இறங்கவே இல்லை. இப்போது இரண்டு விலாவிலும் முடி கொட்டுகிறது, சொறிவதில்லை. காம்புகள் தடித்திருக்கின்றன. தெருவில் மற்ற ஆண் நாய்கள் இவன் பின்னால் வருகின்றன. தோல் மருந்து கொடுத்தும் பயனில்லை.
– வாசகர், ஓசூர்

பதில்: தம்பி, இது தோல் நோய் போலத் தெரியவில்லை. வயிற்றுக்குள் தங்கிவிட்ட விதையில் கட்டி வளர்ந்து, அது ஈஸ்ட்ரோஜன் சுரந்தால் ஆண் நாயிடம் இப்படித்தான் பெண் தன்மை தெரியும். இறங்காத விதையில் கட்டி வரும் வாய்ப்பு, இறங்கியதைவிடப் பல மடங்கு அதிகம். வயிற்று ஸ்கேன் எடுங்கள். அதைவிட முக்கியம் ரத்தப் பரிசோதனை. ஈஸ்ட்ரோஜன் மிகுந்தால் எலும்பு மஜ்ஜை ஒடுங்கி, ரத்த அணுக்கள் குறைந்துவிடும். அதைப் பார்க்காமல் கத்தி வைக்கக் கூடாது. இரண்டு விதைகளையும் எடுத்துவிட வேண்டும். மஜ்ஜை கெடாமலிருந்தால் சில மாதங்களில் முடி மீண்டும் வளரும். இவனை இனப்பெருக்கத்துக்கு விடாதீர்கள். இந்தக் குறை குட்டிகளுக்கும் போகும்.

கேள்வி: பதினொரு வயது ஆண் நாட்டு நாய்க்கு ஆசனவாயைச் சுற்றி மூன்று சிறு உருண்டைகள். நக்கி நக்கி ரத்தம் கசிகிறது. மூலமா?
– வாசகர், மணப்பாறை

பதில்: மூலம் இல்லை. காயடிக்காத வயதான ஆண் நாய்களுக்கு அங்குள்ள சுரப்பிகளில் வரும் கட்டி இது, பெரும்பாலும் சாதாரணமானதுதான். டெஸ்டோஸ்டிரோன்தான் அதை வளர்க்கிறது. ஊசியால் உறிஞ்சிப் பரிசோதித்துவிட்டுக் காயடித்தால் பல கட்டிகள் தாமாகவே சுருங்கும். பெண் நாய்க்கோ ஏற்கெனவே காயடித்த நாய்க்கோ அங்கே கட்டி வந்தால்தான் எனக்குக் கவலை அதிகம். சிகிச்சை நடக்கும்வரை நக்காமலிருக்கக் கழுத்தில் கூம்புப் பட்டை மாட்டி, வெதுவெதுப்பான உப்புநீரில் தினம் இரண்டு முறை கழுவுங்கள். புண்ணில் புழு வைக்கிறதா என்று காலையும் மாலையும் பாருங்கள்.