ஞாயிறு பாரிஸ்: எந்தக் கடை, எத்தனை மணி வரை?

பாரிஸ் போகும் வாசகர்கள் ஞாயிற்றுக்கிழமை பற்றிக் கேட்டவை இந்த இதழில்.

சனி இரவு பாரிஸில் இறங்குகிறோம். துணிமணி, சென்ட் வாங்க ஞாயிறு ஒரு நாள்தான் கிடைக்கிறது. பிரான்சில் ஞாயிறு கடையெல்லாம் அடைப்பு என்கிறார்களே, உண்மையா?
– வாசகி, கோவை

பாதி உண்மை. 1906-ல் வந்த வார விடுமுறைச் சட்டப்படி கடை ஊழியருக்கு ஞாயிறு ஓய்வு நாள். 2015-ல் வந்த சட்டம் (அப்போது பொருளாதார அமைச்சராக இருந்த மக்ரோன் பெயரால் அழைக்கப்படுவது) பாரிஸுக்குள் 12 சர்வதேசச் சுற்றுலா மண்டலங்களுக்கு வழிவிட்டது. அவற்றுக்குள் ஆண்டு முழுக்க எல்லா ஞாயிறும் ஊழியரை வைத்துக் கடை திறக்கலாம். நள்ளிரவு வரைகூட நடத்தலாம். ஆனால் ஊழியர் தாமாகச் சம்மதிக்க வேண்டும், கூடுதல் சம்பளம், ஓய்வு பற்றித் தொழிற்சங்க ஒப்பந்தம் இருக்க வேண்டும். அதனால்தான் மண்டலத்துக்குள்ளேயே ஒரு கடை திறந்திருக்கும், பக்கத்துக் கடை ஷட்டர் இறங்கியிருக்கும்.

உங்களுக்கு ஓஸ்மான் பூல்வார் (பூல்வார் என்றால் அகன்ற சாலை) போதும். காலரி லஃபாயெத், பிரந்தாம் என்ற இரண்டு பெரிய பல்பொருள் அங்காடிகளும் அங்கே அருகருகே இருக்கின்றன. ஞாயிறு வழக்கமாக 11 மணிக்குத்தான் திறப்பார்கள். 9 மணிக்கே போய் வாசலில் நிற்காதீர்கள். பிற்பகல் 3 மணிக்கு மேல் கூட்டம் நெரியும், ஆகவே திறந்தவுடன் நுழைவது நல்லது. ஷான்ஸெலிசே, மாரே, மோன்மார்த்ர், சன் ஜெர்மான், லே ஆல் பகுதிகளும் மண்டலத்துக்குள்தான். மாரேயில் ரோஸியே தெருவின் யூதர் கடைகள் பல சனிக்கிழமை மூடி ஞாயிறு திறப்பவை.

மண்டலத்துக்கு வெளியே, துணிக்கடை போன்றவை மேயர் அறிவிக்கும் ஞாயிறுகளில் மட்டும்தான் ஊழியரை வைத்துத் திறக்கலாம். ஆண்டுக்கு அதிகபட்சம் 12. அன்று ஊழியருக்கு இரட்டைச் சம்பளமும் மாற்று ஓய்வும் தர வேண்டும். பெரும்பாலும் தள்ளுபடி விற்பனைக் காலத்திலும் டிசம்பரிலும்தான் இந்த ஞாயிறுகள் வரும்.

ஞாயிறு பிற்பகலில் சூப்பர் மார்க்கெட் திறந்திருக்கிறது, ஆனால் கல்லாவில் ஆளே இல்லை என்று உறவினர் சொல்கிறார். ஏன்?
– வாசகர், திருச்சி

உணவுப் பொருள் கடைகள் ஞாயிறு பிற்பகல் 1 மணி வரை ஊழியரை வைத்து நடத்தலாம் என்பது நாடு முழுவதற்குமான பொது விதி. 400 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடையாக இருந்தால் அந்தக் காலை நேரத்துக்கே 30% கூடுதல் சம்பளம் தர வேண்டும். 1 மணிக்கு மேல் சில கடைகள் தங்கள் ஊழியரை அனுப்பிவிட்டு, வெளி நிறுவனத்துக் காவலாளி ஒருவரையும் தானியங்கிக் கல்லாக்களையும் மட்டும் விட்டுவைக்கின்றன. சட்டத்துக்குள் புகுந்து போகும் இந்த வழியைத் தொழிற்சங்கங்கள் எதிர்த்து வருகின்றன.

போகிறவருக்கு இதில் மூன்று இடைஞ்சல்கள். இயந்திரம் பெரும்பாலும் கார்டு மட்டுமே ஏற்கும். நிறுத்துத் தரும் இறைச்சி, பாலாடைக்கட்டி கவுண்டர் மூடியிருக்கும். பழத்தை எடை போட்டு ஒட்டுச்சீட்டு எடுக்காமல் கல்லாவுக்கு வந்தால் உதவ ஆள் இருக்காது.

காய்கறி, ரொட்டி, பால் எல்லாவற்றையும் பகல் 12-க்குள் வாங்கிவிடுங்கள். பஸ்தீல் அருகே ரிஷார் லெனுவார் பூல்வாரில் வியாழனும் ஞாயிறும் காலைச் சந்தை கூடும். அலீக்ர் சந்தைக்குத் திங்கள்தான் விடுமுறை, எனவே ஞாயிறு காலை உண்டு. இரண்டிலும் பிற்பகலில் கட்டிவைத்துவிடுவார்கள்.

பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாசப்பலில் நம் மளிகைக் கடைகள் ஞாயிறு உண்டா?
– வாசகர், யாழ்ப்பாணம்

உண்டு. சட்டம் கட்டுப்படுத்துவது ஊழியரை வேலை வாங்குவதைத்தான். முதலாளியே கல்லாவில் உட்கார்ந்தால் அந்த 1 மணி வரம்பு அவரைத் தொடாது. கார் து நோர் ரயில் நிலையத்திலிருந்து லாசப்பல் மெட்ரோ வரை ஃபோபூர் சன் தெனி தெருவில் நடந்தால் முருங்கைக்காய், வல்லாரை, இடியப்ப மா, கொத்து ரொட்டி எல்லாம் கிடைக்கும். புறநகர்க் குடும்பங்கள் வாரச் சாமான் வாங்க வரும் நாள் என்பதால் நெரிசலுக்குத் தயாராக இருங்கள். ஆகஸ்ட் கடைசி அல்லது செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு ஞாயிறு மாணிக்க விநாயகர் ஆலயத் தேர் அந்தத் தெருக்களில் வரும். அன்று தேரைப் பார்க்கப் போங்கள், சாமான் வாங்கப் போகாதீர்கள்.

ஞாயிறு வாங்கினாலும் வரி திரும்பக் கிடைக்குமா?
– வாசகர், மதுரை

கிழமைக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவராகவும் 16 வயது நிரம்பியவராகவும் இருக்க வேண்டும். ஒரே கடையில் 100 யூரோவுக்கு மேல் வாங்கியிருக்க வேண்டும். பணம் கட்டும்போதே பாஸ்போர்ட்டைக் காட்டி வரி விலக்குப் படிவம் கேளுங்கள். பிறகு போய்க் கேட்டால் பல கடைகளில் தர மாட்டார்கள். வரி 20% என்றாலும் 120 யூரோ பில்லில் அடங்கியிருக்கும் வரி 20 யூரோதான். வரியைத் திருப்பித் தரும் இடைநிலை நிறுவனத்தின் கட்டணமும் போக, பில் தொகையில் சுமார் 12% கைக்கு வரும். விமான நிலையத்தில் பெட்டியைக் கொடுப்பதற்கு முன்பே பாப்லோ என்ற சுங்கத்துறை இயந்திரத்தில் படிவத்தின் பட்டைக் குறியைக் காட்டுங்கள். சுங்க அதிகாரி பொருளைக் காட்டச் சொல்லலாம். இதை மறந்தால் பணம் வராது.

திடீர்க் காய்ச்சல் வந்தால்?
– வாசகி, சேலம்

பாரசிட்டமால்கூட அங்கே சூப்பர் மார்க்கெட்டில் விற்க மாட்டார்கள். பச்சைச் சிலுவை விளக்குப் போட்ட மருந்துக்கடையில்தான் வாங்க முடியும். ஞாயிறு முறைவைத்துத் திறந்திருக்கும் மருந்துக்கடை எது என்று மூடிய கடையின் கதவிலேயே ஒட்டியிருப்பார்கள். 3237 என்ற எண்ணிலும் சொல்வார்கள். வெளிநாட்டு சிம்மில் அது கிடைக்காமல் போனால் விடுதி வரவேற்பில் அழைக்கச் சொல்லுங்கள். அவசர மருத்துவத்துக்கு 15.

ஞாயிறு தவறினால் திங்கள் பார்த்துக்கொள்ளலாம்தானே?
– வாசகர், சென்னை

பெரிய அங்காடிகளுக்குச் சரி. ஞாயிறு காலை உழைத்த இறைச்சிக் கடை, மீன் கடை, சிறு புத்தகக் கடை, சலூன் போன்றவை பலவும் திங்கள் மூடிக்கொள்ளும். வங்கிக் கிளைகளும் சில அப்படித்தான். ஓர்சே அருங்காட்சியகத்துக்குத் திங்கள் விடுமுறை, லூவருக்குச் செவ்வாய். மே 1 வந்தால் மண்டலம், சந்தை என்ற கணக்கெல்லாம் செல்லாது, ஏறக்குறைய எல்லாமே அடைப்பு. முந்தின நாளே சாப்பாட்டுச் சாமான் வாங்கி வைத்துவிடுங்கள்.