பட்டறைக் கேள்வி பதில்: ஏர்கன் டிரிக்கரை வீட்டிலேயே கழற்றலாமா?

கேள்வி: அண்ணாச்சி, அப்பா காலத்து ஏர்கன் ஒன்று மச்சில் கிடந்தது. குழலை மடக்கி ஸ்பிரிங் ஏற்றுகிற வகை. துடைத்து எடுத்து, தோட்டத்தில் டப்பா அடுக்கிக் குறி பார்த்துப் பழகுகிறேன். டிரிக்கர் ரொம்பக் கனமாக இருக்கிறது. இழுக்கும்போது கறகறவென்று வருவதால் குறியும் விலகிவிடுகிறது. வீட்டிலேயே கழற்றிப் பாலிஷ் போடலாமா?
— வாசகர், கல்லிடைக்குறிச்சி

பதில்: போடலாம் தம்பி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும். ஆனால் கறகறப்பைப் போக்குவது வேறு, டிரிக்கரை லேசாக்குவது வேறு. முதல் வேலையை வீட்டில் செய்யலாம், இரண்டாவதை அரத்தைக் கையில் வைத்துக்கொண்டு செய்யவே கூடாது. இது தெரியாமல் இருபத்திரண்டு வயதில் நான் ஒரு ஏர்கனுக்குள் ஸ்பிரிங்கை ஏற்றிய நிலையில் பிடித்து நிறுத்தும் கொக்கியின் விளிம்பை அரத்தால் ராவினேன். டிரிக்கர் வெண்ணெய் மாதிரி ஆகிவிட்டது என்று அன்று முழுக்கச் சந்தோஷம். மறுநாள் குழலைச் சாத்திய அதிர்விலேயே துப்பாக்கி சுட்டுவிட்டது. மதினி தார்சாவில் உட்கார்ந்து பூத் தொடுத்துக்கொண்டிருந்தாள், குண்டு அவளுக்கு இரண்டு முழம் தள்ளிச் சுவரில் பட்டது. அந்த ஓட்டையை நான் இன்னும் பூசவில்லை.

உள்ளே நடப்பது இதுதான். குழலை மடக்கும்போது பிஸ்டன் பின்னால் போய்ப் பெரிய ஸ்பிரிங்கை அமுக்குகிறது, பிஸ்டனின் பின்முனையில் இருக்கும் பள்ளத்தில் ஒரு கொக்கி விழுந்து அதைப் பிடித்து வைக்கிறது. இந்தக் கொக்கிக்கு சியர் என்று பெயர். பழைய சாதாரண ஏர்கன்களில் டிரிக்கருக்கும் இந்தக் கொக்கிக்கும் நடுவில் வேறு ஒன்றும் இருக்காது, அமுங்கிய ஸ்பிரிங்கின் பாரம் மொத்தமும் அந்தச் சின்ன விளிம்பின் மேல்தான் நிற்கும், அதனால்தான் இழுக்க அவ்வளவு கனம். விலை கூடிய துப்பாக்கிகளில் நடுவே இன்னும் ஒன்றிரண்டு நெம்புகோல்களை வைத்து அந்தப் பாரத்தைக் குறைத்திருப்பார்கள், ஜெர்மன் தயாரிப்பான ரெக்கார்ட் டிரிக்கர் அதற்குப் பேர்போனது. உங்களுடையதை எவ்வளவு தேய்த்தாலும் அப்படி ஆகாது. கறகறப்பு மட்டும் போய்விடும், குறி நிற்க அதுவே போதும்.

கழற்றுவதற்கு முன்னால் இப்போதைய கனத்தை அளந்து எழுதி வையுங்கள். ஊருக்குப் போகும்போது பெட்டி நிறுக்க வைத்திருக்கும் கொக்கித் தராசு போதும். துப்பாக்கியில் பெல்லட் என்கிற ஈயக் குண்டைப் போட்டு, மணல் மூட்டையை நோக்கி வைத்து, தராசை டிரிக்கரில் மாட்டி மெதுவாக இழுங்கள், எந்த எடையில் விடுகிறது என்று மூன்று தடவை பாருங்கள். பெல்லட் இல்லாமல் வெறுமனே சுட்டுப் பார்க்காதீர்கள். பெல்லட் இருந்தால்தான் முன்னால் காற்று அடைபட்டு பிஸ்டனுக்கு மெத்தை மாதிரி நிற்கும், இல்லாவிட்டால் பிஸ்டன் நேராகப் போய் இரும்பில் மோதும், பிஸ்டன் முனையில் காற்றை அடைக்கும் சீலும் ஸ்பிரிங்கும் சீக்கிரம் போய்விடும்.

அப்புறம், அளந்து முடித்த துப்பாக்கி ஸ்பிரிங் ஏறாமல் காலியாக இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, துப்பாக்கியின் மரக் கட்டையைப் பிடித்திருக்கும் திருகுகளைக் கழற்றுங்கள். முன்பக்கம் இரண்டு பக்கவாட்டிலும் ஒவ்வொன்று, டிரிக்கர் வளையத்தில் ஒன்றோ இரண்டோ இருக்கும். இங்கேயே கொஞ்சம் நில்லுங்கள். வளையம் வளைந்துபோய் டிரிக்கரில் உரசுகிறதா, கட்டையின் மரம் ஊதி உள்ளே இடிக்கிறதா என்று பாருங்கள். மச்சில் கிடந்த துப்பாக்கிக்கு இந்தக் கோளாறு சாதாரணமாக வரும், பாதி நோய் இங்கேயே தீர்ந்துவிடும்.

இனி முக்கியமான எச்சரிக்கை. பெரிய ஸ்பிரிங், ஏற்றாமல் சும்மா இருக்கும்போதும் கொஞ்சம் அமுங்கித்தான் உள்ளே இருக்கும். சில மாடல்களில் டிரிக்கர் பெட்டியைப் பிடித்திருக்கும் குறுக்கு ஆணிகளேதான் அந்த ஸ்பிரிங்கையும் தடுத்து வைத்திருக்கும். தெரியாமல் ஆணியைத் தட்டினால் பெட்டி சீறிக்கொண்டு வந்து முகத்தில் அடிக்கும். உங்கள் மாடலின் உதிரிபாகப் படத்தை இணையத்தில் தேடிப் பார்த்த பிறகே சுத்தியலை எடுங்கள். பெட்டி ஆணிதான் ஸ்பிரிங்கைப் பிடிக்கிறது என்று தெரிந்தாலோ, படமே கிடைக்காவிட்டாலோ, ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவி வைத்திருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். இதில் வீம்பு வேண்டாம்.

டிரிக்கரும் கொக்கியும் தனித்தனி ஆணியில் நிற்கிற சாதாரண வகை என்றால் தைரியமாகக் கழற்றலாம். வெள்ளை வேட்டியைத் தரையில் விரித்து உட்காருங்கள், மேஜையில் செய்தால் சின்ன ஸ்பிரிங் துள்ளி எங்கேயோ போய்விடும். ஒவ்வொரு ஆணியை எடுக்கும் முன்னும் செல்போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள், சின்ன ஸ்பிரிங்கின் எந்தக் கால் எதில் ஊன்றியிருக்கிறது என்பது பத்து நிமிடத்தில் மறந்துபோகும். ஆணிமுனையில் கிளிப் இருந்தால், துப்பாக்கியின் அந்தப் பகுதியைப் பிளாஸ்டிக் பைக்குள் விட்டு, பைக்குள்ளேயே கிளிப்பை நெம்புங்கள். தட்டுவதற்கு ஆணியை விடச் சற்றே மெலிந்த, முனை தட்டையான பஞ்ச் வேண்டும், கூர்மையான ஆணியை வைத்துத் தட்டினால் துளை பிதுங்கிவிடும்.

வெளியே எடுத்ததும் மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பல்தேய்க்கும் பிரஷ்ஷால் கழுவுங்கள். கெட்டியான பழைய கிரீஸோடு தூசி சேர்ந்து மை மாதிரிக் கறுப்பாக வரும். பல பேருக்குக் கறகறப்பு என்பது இந்த மைதான். கழுவும் எண்ணெய் துப்பாக்கியின் சிலிண்டருக்குள் மட்டும் போகக்கூடாது. பிஸ்டன் காற்றை அமுக்கும் சூட்டில் அந்த எண்ணெய் டீசல் இன்ஜின் மாதிரிப் பற்றி, டப்பென்று வெடிச்சத்தம் வரும், சீல் கருகும்.

சரி, பாலிஷ். ஒரு கண்ணாடித் துண்டின் மேல் தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாளை விரித்துக்கொள்ளுங்கள். 1000 நம்பர் தாளில் ஆரம்பித்து, 1500, 2000 என்று போக வேண்டும். தாளைக் கையில் பிடித்துத் தேய்த்தால் மூலைகள் உருண்டுவிடும், பாகத்தைக் கண்ணாடி மேலுள்ள தாளில் வைத்துத் தேய்த்தால் தட்டையாகவே இருக்கும். டிரிக்கர், கொக்கி இரண்டின் பக்கவாட்டு முகங்களையும், அவை சுற்றுகிற ஆணிகளையும் தேய்க்கலாம். டிரிக்கர் கொக்கியைத் தொடும் இடத்தில் 2000 தாளை வைத்து, உராயும் திசையிலேயே நாலைந்து இழுப்பு, அதற்கு மேல் வேண்டாம். பிஸ்டனைப் பிடிக்கும் விளிம்பில் தாளே படக்கூடாது. அந்த இடத்துக்குத் துணியில் தொட்ட பிராசோ (பித்தளை துலக்கும் பாலிஷ்) மட்டும், பளபளப்பு வரும் வரை. காரணம், இந்தப் பாகங்களில் பெரும்பாலானவை மேல்தோல் மட்டும் கெட்டிப்படுத்திய இரும்பு. அந்தத் தோலின் கனம் ஒரு மில்லிமீட்டரில் சில பங்குதான் இருக்கும், அதைத் தேய்த்து எடுத்துவிட்டால் உள்ளே இருப்பது மெத்து இரும்பு. முதல் வாரம் அருமையாக இருக்கும், இரண்டு மாதத்தில் விளிம்பு மழுங்கி வழுக்கும். கோணத்தை மாற்றாதீர்கள், ஸ்பிரிங்கை ஒரு சுற்றுக்கூட வெட்டாதீர்கள். பிஸ்டன் பக்கத்துப் பள்ளத்தைத் தொட வேண்டுமானால் பெரிய ஸ்பிரிங்கையே வெளியே எடுக்க வேண்டும், அதை இந்த வேலையோடு சேர்க்க வேண்டாம்.

பிராசோவை மிச்சமில்லாமல் கழுவிவிட்டு, உராயும் இடங்களில் மாலிப்டினம் கலந்த கிரீஸை ஊசிமுனையில் தொட்டு வையுங்கள். அள்ளி அப்பினால் மறுபடியும் தூசி பிடிக்கும்.

பூட்டி முடித்ததும் சோதனை. குழலை மடக்கும்போதும் பெல்லட் போடும்போதும் ஒரு கை குழலை விடவே கூடாது, கொக்கி வழுக்கினால் குழல் சட்டென்று மேலே எழும்பி விரலை எடுத்துவிடும். பெல்லட் போட்டுச் சாத்தி, மணல் மூட்டையை நோக்கிப் பிடித்து, டிரிக்கரில் விரல் வைக்காமல், ரப்பர் சுத்தியலால் கட்டையின் பின்பக்கத்தையும் பக்கவாட்டையும் நாலு தட்டு தட்டுங்கள். சுடாமல் நின்றால் ஒரு முறை சுட்டுவிட்டு மறுபடி ஏற்றித் தட்டுங்கள். இப்படிப் பத்து தடவை. ஒரு தடவை தானாகச் சுட்டாலும் அந்தத் துப்பாக்கி பழகுவதற்கு ஆகாது. எல்லாம் சரியாக இருந்தால் தராசில் மறுபடி அளந்து பாருங்கள். என்னிடம் இருக்கும் ஒன்று மூன்றரைக் கிலோவிலிருந்து மூன்றுக்குத்தான் வந்தது. ஆனால் இழுவை மெழுகு மாதிரி ஆனது.

கேள்வி: திருவிழாக்களில் பலூன் சுடும் கடை போடுகிறேன், ஐந்து ஏர்கன் வைத்திருக்கிறேன். ஒன்று மட்டும் குழலைச் சாத்தியதும் சில நேரம் தானாகச் சுட்டுவிடுகிறது. பாலிஷ் போட்டால் சரியாகுமா அண்ணாச்சி? குலசை தசராவுக்குள் தயாராக வேண்டும்.
— வாசகர், வள்ளியூர்

பதில்: ஆகாது. அந்தத் துப்பாக்கியை இன்றைக்கே கடையிலிருந்து எடுத்துவிடுங்கள். மேலே கல்லிடைக்குறிச்சித் தம்பிக்குச் சொன்ன மழுங்கிய விளிம்பு உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, பாலிஷ் போட்டால் இன்னும் வழுக்கும். கொக்கியைப் புதிதாக மாற்ற வேண்டும், பிஸ்டன் பள்ளம் தேய்ந்திருந்தால் பிஸ்டனையும் மாற்ற வேண்டும். ஒரு திருவிழாவில் ஒரு துப்பாக்கி ஆயிரக்கணக்கில் மடங்கி நிமிரும், வீட்டுத் துப்பாக்கிக்குப் பல வருடத்தில் வரும் தேய்மானம் உங்களுக்குப் பத்து நாளில் வந்துவிடும். அதனால் தினமும் கடை விரிக்கும் முன் ஐந்தையும் சுத்தியல் சோதனை செய்யுங்கள். டிரிக்கர் கனமாக இருக்கிறது என்று சிறுவர்கள் சொன்னால் இருக்கட்டும், உங்கள் கடைக்குக் கனமான டிரிக்கர்தான் பாதுகாப்பு. இன்னொன்று, காசு மிச்சம் என்று பால்ரஸ் குண்டு போடுகிற வழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். எஃகுக் குண்டு பலகையில் பட்டுத் திரும்பி வரும், பக்கத்தில் நிற்கிற பிள்ளையின் கண் உயரத்துக்கே வரும். ஈய பெல்லட் போட்டு, பலூன் பலகைக்குப் பின்னால் தளர்வாகத் தொங்கும் கனத்த சாக்கும் மணல் மூட்டையும் வையுங்கள்.

கேள்வி: மகள் கல்லூரியில் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பழகுகிறாள். டிரிக்கரை லேசாக்கினால் மதிப்பெண் கூடும் என்கிறார்கள். கழற்றிப் பார்க்கலாமா?
— வாசகர், பாளையங்கோட்டை

பதில்: கழற்ற வேண்டாம். போட்டி பிஸ்டலில் டிரிக்கரின் கனத்தையும் இழுவை நீளத்தையும் வெளியிலிருந்தே திருகி மாற்ற வசதி இருக்கும், கையேட்டைப் பார்த்துக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பினால் போதும். 10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்கு டிரிக்கர் கனம் குறைந்தது 500 கிராம் இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி, போட்டியில் எடைக்கட்டியைத் தொங்கவிட்டுச் சோதிப்பார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் வெண்கலம் வாங்கியது இதே விதிக்கு உட்பட்ட பிஸ்டலில்தான். 500-ஐ ஒட்டி வைக்காமல் கொஞ்சம் கூட வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஏர் ரைஃபிளுக்கு இந்தக் குறைந்தபட்ச அளவு கிடையாது, அதைப் பார்த்துத்தான் யாரோ சொல்லியிருப்பார்கள்.

கேள்வி: வயலில் மயில் தொல்லை தாங்கவில்லை. ஏர்கனின் ஸ்பிரிங்கை மாற்றிச் சக்தியைக் கூட்ட முடியுமா?
— வாசகர், நாங்குநேரி

பதில்: உங்கள் நஷ்டம் எனக்குப் புரிகிறது, நெல்லைச் சாய்த்துப் போட்டுவிட்டுப் போவதை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் இதற்கு வழி சொல்ல மாட்டேன். மயில் 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, அடித்தால் சிறைதான். 20 ஜூல் சக்தியையோ 4.5 மில்லிமீட்டர் குழல் அளவையோ தாண்டினால் ஏர்கனுக்கும் உரிமம் வேண்டும் என்று 2016 ஆயுத விதிகள் சொல்கின்றன. உங்கள் பக்கத்து ஊர்தானே கூந்தன்குளம்? வந்து தங்கும் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடிகூடப் போடாத சனங்கள் அங்கே இருக்கிறார்கள். வரப்பைச் சுற்றிப் பழைய சேலைகளைக் கட்டுங்கள், விதைத்த முதல் வாரமும் கதிர் பிடிக்கும் நேரமும் காலை மாலை ஆள் நிற்கட்டும்.

கேள்வி: டிரிக்கருக்குத் தேங்காய் எண்ணெய் விடலாமா? கடற்கரை ஊர், எதைப் போட்டாலும் துரு ஏறுகிறது.
— வாசகர், உவரி

பதில்: வேண்டாம். மார்கழிக் காலையில் பாட்டிலில் உறைகிற எண்ணெய் டிரிக்கருக்குள்ளும் உறையும், நாளானால் பிசினாகும். ஆணிகளுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு, குழலுக்கு வெளியே அதே எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைப்பு. உப்புக்காற்றை விட மோசம் கைவியர்வை, அதனால் சுட்டு முடித்த அன்றே துடைத்துவிடுங்கள். ஸ்பாஞ்ச் வைத்த உறைக்குள் மூடி வைக்காதீர்கள், அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பழைய பருத்தி வேட்டியில் சுற்றி, பிள்ளைகள் கைக்கு எட்டாத பீரோவில் வைத்துப் பூட்டுங்கள்.